வேலூரிலிருந்து பங்குனி ஆமை பார்க்கப் போகிறவர்களுக்கு

தை பிறந்துவிட்டால் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமைகள், முட்டையிட ஏறத் தொடங்கிவிடும். காட்பாடியில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கிருந்து இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஆமைகள் ஏறும் மணலுக்கே போய்விடலாம். அமிர்தி உயிரியல் பூங்காவில் கம்பிக்குப் பின்னால் மானைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, கம்பியே இல்லாத இடத்தில், தன் வேலையைத் தன் போக்கில் செய்துகொண்டிருக்கும் ஒரு காட்டு உயிரைக் காட்ட இதைவிடப் பக்கத்தில் இன்னொரு வாய்ப்பு லேசில் கிடைக்காது. கடலே இல்லாத ஊர்க்காரர்கள் நாம். அதனால் சென்னைவாசிக்குச் சொல்லத் தேவையில்லாத சில விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

கிளம்பும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போகிற இரவில் ஆமை வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விடிய விடிய நடந்தும் ஒன்றுமே பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சிலருக்குத் தடம் மட்டும் கிடைக்கும், சிலருக்கு முட்டைகள், கொடுத்துவைத்த சிலருக்கு ஆமையே. “இவ்வளவு தூரம் வந்தோம், பார்த்தே தீர வேண்டும்” என்று மல்லுக்கட்டுகிறவர்தான் டார்ச் அடிக்கிறார், ஓடுகிறார், ஆமையின் மூக்குக்கு நேரே போய் நிற்கிறார். அப்படி ஒருவர் போதும், கரையேறிய ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அந்த மனநிலையோடு போவதாக இருந்தால் போகவே வேண்டாம் என்பேன்.

எந்த மாதம், யாரோடு

பருவம் ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. பொங்கல் முடிந்த கையோடு பையைத் தூக்காதீர்கள், அப்போது ஒன்றிரண்டுதான் வரும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, அதாவது மாசி மாதம்தான் நல்ல காலம்.

தனியாகவோ, நாலு நண்பர்கள் சேர்ந்து நாமாகவோ நள்ளிரவில் கடற்கரைக்குப் போவது கூடாது. பாதுகாப்பும் இல்லை, ஆமைக்கும் நல்லதில்லை. 1988-லிருந்து சென்னையில் இரவில் கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடிக் காத்துவருவது மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு. சுருக்கமாக எஸ்.எஸ்.டி.சி.என். கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் சம்பளம் இல்லாமல் நடத்துகிற குழு. பருவம் முழுக்க இரவுதோறும் அவர்கள் கரையோரம் நடக்கிறார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போவது வழக்கம். பதிவு செய்யும் முறை, கூடும் இடம், எத்தனை பேருக்கு இடம் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அவர்களுடைய இணையதளத்தையும் சமூக ஊடகப் பக்கத்தையும் அந்த வாரமே பார்த்து உறுதிசெய்துகொண்டு டிக்கெட் போடுங்கள். போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இந்த நடைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணை நண்பர்களும் இதே கரையில் இரவில் நடந்து கூடு தேடத் தொடங்கினார்கள். அந்த வட்டத்திலிருந்து வந்தவர் சதீஷ் பாஸ்கர். ஆமைகள் எங்கெங்கே ஏறுகின்றன என்று கண்டறிய இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரைக் காலால் நடந்தே அளந்த மனிதர். 1982-ல் லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் மாதக்கணக்கில் ஒற்றை ஆளாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். நீங்கள் நடக்கப்போகும் ஏழு கிலோமீட்டரில் கால் வலிக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வி.ஐ.டி., சி.எம்.சி. விடுதிகளில் இருப்பவர்கள் இரவு வெளியே தங்க அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். “சென்னையில் சொந்தக்காரர் வீடு” என்று எழுதிவிட்டுக் கடற்கரைக்குப் போகாதீர்கள். போகிற இடத்தையும் குழுவின் பெயரையும் எழுதியே கேளுங்கள். விடுதிக் காப்பாளர்களும் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

வீட்டில் அனுமதி வாங்குவது சில பேருக்கு இதைவிடப் பெரிய வேலை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சைதாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி பேரனைப் பார்த்து, “ராத்திரில ஆமையப் பாக்கப் போறியா கண்ணு? வீட்டுக்கு ஆகாதுடா” என்றார். “அது நம்ம வீட்டுக்கு வரல பாட்டி, நாமதான் அது வீட்டுக்குப் போறோம்” என்றான் பையன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப வெறுங்கையோட போ, வெறுங்கையோட வா” என்றார். அதைவிட நல்ல விதி எந்தக் கையேட்டிலும் இல்லை.

காட்பாடியிலிருந்து நீலாங்கரை

நடை வழக்கமாக நீலாங்கரையில் இரவு பதினொரு மணியையொட்டித் தொடங்கும். அதற்குத் தோதான வண்டி பெங்களூருவிலிருந்து வரும் பிருந்தாவன். அந்தி சாய்ந்து காட்பாடிக்கு வந்து ஒன்பது மணி சுமாருக்கு சென்ட்ரலில் இறக்கிவிடும். வண்டி தாமதமானால் பதற்றம்தான். ஆகவே மதியமோ பிற்பகலோ கிளம்புவதுதான் என் யோசனை. ஒரு தூக்கம் போட்டுவிட்டு இரவு நடைக்கு வருகிறவர் தெம்பாக இருப்பார்.

சென்ட்ரலுக்கு எதிரே பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூரில் இறங்குங்கள். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரைக்குப் பேருந்தோ ஆட்டோவோ கிடைக்கும். இரவு முற்றிய பிறகு பேருந்து குறைந்துவிடும். பேருந்தில் வேலூரிலிருந்து போகிறவர்கள், வண்டி சென்னையில் எங்கே கடைசியாக நிற்கும் என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையங்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

காரில் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போவது சிரமமில்லை, வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர் வழியாக நேர்ச்சாலை. திரும்புவதுதான் சிக்கல். நடை முடிய விடியற்காலை மூன்று, நான்கு மணி ஆகிவிடும். இரவு முழுக்கக் கண்விழித்து ஏழு கிலோமீட்டர் மணலில் நடந்தவர் உடனே ஸ்டியரிங்கைப் பிடித்து 140 கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. நடை தொடங்கும் இடம் ஒன்று, முடியும் இடம் வேறு என்பதும் காருக்குத் தோதுப்படாது.

நீலாங்கரைக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். இட்லி, தோசை என்று லேசாக இருக்கட்டும். வழியில் ஆற்காட்டில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால் மணலில் கால் எழாது.

என்ன எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது

கறுப்பு, கருநீலம், பழுப்பு என்று அடர்ந்த நிறத்தில் உடை. வெள்ளைச் சட்டை வேண்டாம், அரை வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். காலுக்கு வார் வைத்த செருப்பு. வெறுங்கால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நகரத்துக் கடற்கரை மணலில் கண்ணாடிச் சில்லும் தூண்டில் முள்ளும் கிடக்கும். மாசி மாதப் பின்னிரவில் கடல் காற்று சில்லென்று இருக்கும், ஆகவே மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று. தண்ணீர் ஒரு லிட்டர். வாசனைத் தைலம், சென்ட் எதுவும் வேண்டாம்.

டார்ச் வேண்டாம். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிடுங்கள். அமைதி முறையில் வைத்தால் போதாது, செய்தி வந்ததும் திரை ஒளிரும். கையசைத்தால் ஒளிரும் ஸ்மார்ட் கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். ஒளி தேவைப்பட்டால் குழுவை நடத்துகிறவர் வைத்திருப்பார், எப்போது எரியலாம் என்பதும் அவருக்குத் தெரியும். பத்து, பதினைந்து நிமிடத்தில் உங்கள் கண்ணே இருட்டுக்குப் பழகி, நுரையின் விளிம்பும் மணலின் மேடு பள்ளமும் தெளிவாகத் தெரியத் தொடங்கும். யாராவது ஒருவர் ஒரு நொடி திரையைத் திறந்தால் அத்தனை பேர் கண்ணும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். கடலிலிருந்து தலை நீட்டும் தாய் ஆமை கரையில் ஒளியும் அசைவும் கண்டால் ஏறாது. ஏறினாலும் பாதியில் திரும்பும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். இயற்கையில் இரவில் கரையைவிடக் கடல் பக்கத்து அடிவானம்தான் வெளிச்சமாக இருக்கும், வெளிச்சம் எங்கேயோ அங்கே கடல் என்பதே அவற்றின் கணக்கு. இன்று தெருவிளக்கும் உணவகங்களின் விளக்கும் கரைப் பக்கம் எரிகின்றன. குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து சக்கரத்திலும் நாய் வாயிலும் காலை வெயிலிலும் சாகின்றன.

நடை

தொடங்கும் முன் குழுவினர் விளக்கமாகப் பேசுவார்கள், கேள்வி கேட்கச் சொல்வார்கள். அங்கேயே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள், மணலில் இறங்கிய பிறகு பேச்சு கிடையாது. நீலாங்கரையிலிருந்து வடக்கே பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் தாண்டி பெசன்ட் நகர் வரை. கடல் எப்போதும் உங்கள் வலப்பக்கம்.

குழுவை நடத்துகிறவருக்கு முன்னால் போகாதீர்கள். அவர் தேடுவது ஆமையைவிட அதிகமாக அதன் தடத்தை. உங்கள் கால் பட்டால் தடம் கலைந்துவிடும். அலை நனைக்கும் ஈரமணலில் தொடங்கி மேல்மணலுக்கு ஏறிப் போகும், இரண்டு பக்கமும் துடுப்புக் கால்கள் மாறி மாறி அழுத்திய குழிவுகள், நடுவில் உடம்பு இழைந்த பட்டை. ஒரு தடம் மேலே போய் இன்னொரு தடம் கீழே இறங்கியிருந்தால் ஆமை வந்து போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில், அடப்பங்கொடி படர்ந்த மேட்டுக்குக் கீழே மணல் கலைந்திருக்கும் இடத்தில் கூடு இருக்கலாம். ஏறும் தடம் மட்டும் இருந்தால் அம்மா இன்னும் மேலேதான் இருக்கிறாள். அப்போது குழுவே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

வழியில் மீனவர் குப்பங்களைக் கடப்பீர்கள். படகுகளின் கயிறு மணலில் குறுக்கே ஓடும், பார்த்துத் தாண்டுங்கள். காற்றுக்காகப் படகோரம் மணலிலேயே படுத்திருப்பார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் நாம் நடக்கிறோம். சத்தம் போடாமல் கடந்து போங்கள். விழித்திருக்கும் ஒருவரைக் கண்டால் “அண்ணா, ஆமை நடைக்குப் போறோம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பல நேரம் அவரே, “அந்தப் பக்கம் ஒண்ணு ஏறுச்சு பாரு” என்று கை காட்டுவார். ட்ரீ ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளோடு சேர்ந்து மீனவ இளைஞர்களே கூடுகளைக் காவல் காக்கும் ஊர்களும் இந்தக் கரையில் உண்டு.

ஊர்க்காரர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. கடலில் இறங்காதீர்கள், முழங்கால் அளவுகூட. ஏரியிலும் கிணற்றிலும் நீந்தப் பழகியவர்களுக்குக் கடல் வேறு. பெசன்ட் நகர்க் கரையில் பகலிலேயே நீச்சல் தெரிந்தவர்களை அலை இழுத்துப்போயிருக்கிறது.

ஆமை வந்துவிட்டால்

குழு உட்காரச் சொன்னால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். அருகே போகலாமா, எப்போது, எந்தப் பக்கம் என்பதை அவர்கள் சொல்வார்கள். பொதுவாக அது குழி தோண்டி முட்டையிடத் தொடங்கும் வரை விலகியே இருக்க வேண்டும். பிறகும் பின்பக்கத்திலிருந்து மட்டும், அதன் கண்ணில் படாமல்.

நீங்கள் பார்ப்பது இரண்டு அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள, 35 முதல் 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் ஆமை. ஆண் ஆமைகள் கரையேறுவதே இல்லை. பின்கால் ஒன்றை வளைத்து ஒரு பிடி மணலை அள்ளி ஓரமாக வைக்கும், பிறகு அடுத்த கால். மாற்றி மாற்றி, அவசரமில்லாமல், தன்னால் பார்க்கவே முடியாத ஒரு குழியை ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்கு, வாய் குறுகி அடி அகன்ற வடிவில் தோண்டிவிடும். நின்று மூச்சு வாங்கும்போது அந்தப் பெருமூச்சு நமக்கே கேட்கும். முட்டைகள் இரண்டும் மூன்றுமாக ஈரம் மினுங்க விழும். டேபிள் டென்னிஸ் பந்து அளவில், தோல் போன்ற மெத்தென்ற ஓட்டோடு, நூறு முட்டை வரை, சில நேரம் அதற்கும் மேல். கண்ணோரம் கோழையாக நீர் வழியும். வலியில் அழுகிறது என்று பக்கத்தில் யாராவது கண் கலங்குவார்கள். உடம்பில் சேர்ந்த உப்பைச் சுரப்பி வெளியேற்றுகிறது, கடலுக்குள்ளும் அது அப்படித்தான். முடிந்ததும் மணலை மூடி, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி அடித்தட்டால் தட் தட் என்று மணலைக் கெட்டிப்படுத்தும். ஏறியது முதல் கடலுக்குத் திரும்புவது வரை எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்.

தொடாதீர்கள். படம் எடுக்காதீர்கள். ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தாலும் திரை வெளிச்சம் இருக்கிறது, ஒருவர் எடுத்தால் இருபது பேர் கை பைக்குள் போகும். அது திரும்பிப் போகும்போது கடலுக்கும் அதற்கும் நடுவில் நிற்காதீர்கள். வழி மறித்து அதன் மேல் கை வைத்து செல்ஃபி எடுப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சட்டமும் மன்னிக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு. அதைப் பிடிப்பதும் முட்டையை எடுப்பதும் சிறைக்குரிய குற்றம்.

முட்டைகளை எடுத்துப்போவது சரியா?

குழுவினர் கூட்டைத் திறந்து முட்டைகளைப் பையில் எடுப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பது உண்டு. அவர்கள் வனத்துறையின் அனுமதியோடு செய்கிறார்கள். முட்டைகள் இட்ட இடத்திலேயே பொரிப்பதுதான் உத்தமம், குழுவினரே அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்தக் கரையில் நாய்கள் தோண்டும், ஆள்நடமாட்டம் அதிகம், தப்பிப் பொரித்தாலும் விளக்கு வெளிச்சம் குஞ்சுகளைச் சாலைக்கு இழுக்கும். ஆகவே வேறு வழியில்லாமல்தான் இந்த ஏற்பாடு.

எடுக்கும் விதத்தைக் கூர்ந்து கவனியுங்கள். ஒவ்வொரு முட்டையாக, உருட்டாமல், குலுக்காமல் எடுப்பார்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு திருப்பிப் போட்டால் கரு செத்துவிடும். பெசன்ட் நகரில் வேலியடைத்த பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிவைப்பார்கள். 45 முதல் 60 நாளில் பொரியும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று முடிவுசெய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வேலூர் வெயிலை மட்டுமே வெயில் என்று நினைக்கும் நமக்கு, சென்னை மணலின் வெயில் ஏறிக்கொண்டே போவதும் கவலை தர வேண்டிய செய்திதான்.

இறந்து ஒதுங்கிய ஆமையைப் பார்க்க நேரலாம்

இதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். 2025 ஜனவரியில் சென்னையையும் அதை அடுத்த கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டி நீருக்கடியில் மணிக்கணக்கில் இழுபட்டால் மூச்சுத்திணறிச் செத்துப்போகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்ற விதி தமிழ்நாட்டில் 1983-ன் கடல் மீன்பிடிச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. ஆமைகள் திரளும் பகுதியும் அதற்குள்தான். விதி காகிதத்தோடு நின்றுவிடும்போது மணலில் இப்படி ஒதுங்குகின்றன. அப்படி ஒன்றைக் கண்டால் தொடாமல் குழுவினரிடம் காட்டுங்கள், அவர்கள் அளவெடுத்துக் குறித்துக்கொள்வார்கள்.

மீனவர்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவவும் முடியாது. நம் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. அந்தக் கரையும் ஆமைகள் ஏறும் கரைதான். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றில் கிடந்த குப்பையெல்லாம் எங்கே போனது என்று யோசித்தால் தெரியும்.

குழந்தைகளும் பெரியவர்களும்

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் முழங்கால் வலி உள்ளவர்களையும் இரவு நடைக்கு அழைத்துப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. நடுவில் முடியவில்லை என்றால் இருட்டு மணலில் ஆட்டோ வராது. அவர்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் குஞ்சுகள் வெளிவந்த நாட்களில் அந்தி வேளையில் கடலுக்கு விடுவார்கள். எந்த நாள் என்பது அன்றன்றுதான் தெரியும், குழுவின் பக்கத்தில் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். விரலளவு நீளமுள்ள குஞ்சுகள் மணலில் துடுப்படித்துப் போகும். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று எல்லோரும் பார்க்கலாம். தூக்கிக் கொண்டுபோய் நீரில் விட வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கும், விடாதீர்கள். அந்தச் சில அடி தூரத்தைத் தானே ஊர்ந்து கடப்பது குஞ்சுக்குத் தேவை.

காலையில் காட்பாடியிலிருந்து கிளம்பினால் மதியம் வேறு வேலை முடித்துக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் பெசன்ட் நகர் போய்விடலாம். இருட்டியதும் கிளம்பி சென்ட்ரல் வந்தால் வேலூர் பக்கம் போகும் இரவு வண்டிகள் இருக்கும். இரவு நடைக்குப் போனவர்கள் பெசன்ட் நகரில் விடியும் வரை காத்திருந்து, டீ குடித்துவிட்டு சென்ட்ரலுக்குக் கிளம்பலாம். காலையில் புறப்படும் பிருந்தாவனில் முன்பே இடம் போட்டுவைத்திருந்தால் காட்பாடி வரை தூங்கிக்கொண்டே வரலாம். வண்டி பெங்களூரு வரை போகிறது, ஆகவே கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.